நீச்சல் தெரியாம வொலண்டியரா போகலாமா?

வணக்கம் அக்கா,

நான் மஸ்கெலியா பக்கம் ஒரு தோட்டத்துல முன்பள்ளி டீச்சர். நடக்க ஏலாதவங்க, பார்வை இல்லாதவங்கள நுவரெலியா கிரகரி வாவியில கயாக் படகு ஓட்ட கூட்டிட்டுப் போற ஒரு குழுவுக்கு வொலண்டியர் வேணும்னு மெசேஜ் வந்துச்சு. ஆசையா இருக்கு, ஆனா எனக்கு நீச்சல் தெரியாது. அம்மா வேற "பாவம் அந்தப் புள்ளைகள தண்ணியிலயும் தள்ளப் போறியா"ன்னு ஏசுறாங்க. போகலாமா?

ஒரு வாசகி

அன்பு தங்கச்சி,

போங்க, தாராளமா போங்க. தண்ணியில பக்கத்துலயே நிக்க ரெஸ்கியூ பழகின ஆட்கள் இருக்காங்களான்னு மட்டும் முதல்ல கேளுங்க, இல்லன்னா அந்தக் குழுவே வேணாம். மத்தபடி வேலையில பெரும்பங்கு கரையிலதான் இருக்கு, அதுக்கு நீச்சல் தேவையில்ல.

வீல்செயார்ல இருந்து போட்டுக்கு ஒருத்தர மாத்துறதுதான் ரொம்ப கவனமா செய்ய வேண்டிய வேலை. "உங்கள எப்படித் தூக்கினா சரியா இருக்கும்"னு அவங்ககிட்டயே கேக்கணும், கூட வந்த அம்மாகிட்டயோ அண்ணன்கிட்டயோ இல்ல. தினமும் கட்டில்ல இருந்து வீல்செயாருக்கு மாறுறவங்களுக்கு அவங்க உடம்பப் பத்தி நம்மள விட நல்லாத் தெரியும். பிரேக் போட்டாச்சான்னு பாருங்க, கையப் புடிச்சோ கக்கத்துல கைய விட்டோ இழுக்காதீங்க தோள் போயிடும், ஒருத்தர் மட்டும் ஒன்னு ரெண்டு மூணு சொல்லணும், ஆளாளுக்குக் கத்தினா நடுவுலயே நழுவிடும்.

முதுகுத்தண்டுல அடிபட்டவங்களுக்கு அடிபட்ட இடத்துக்குக் கீழ உணர்ச்சி குறைஞ்சோ இல்லாமலோ இருக்கலாம், கால் போட் விளிம்புல உரசி தோல் கிழிஞ்சாலும் தெரியாது, அந்தப் புண்ணு ஆற மாசக்கணக்கா இழுக்கும். அதனால காலுக்கு சப்பாத்து, உக்கார்ற இடத்துல குஷன், கரைக்கு வந்ததும் தோலப் பாக்குறது, இதெல்லாம் கட்டாயம். அந்தப் பகுதி குளிருக்கு நடுங்காது, உடம்பு தானா சூடாகாது. நுவரெலியா 6,000 அடிக்கு மேல இருக்கு, தண்ணி எப்பிடி இருக்கும்னு நான் சொல்ல வேண்டியதில்ல. அதனால கொஞ்ச நேரத்துல கரைக்கு கூப்பிட்டு, ஈரத்த மாத்தி, போர்த்திவிடணும். விழுந்துடுவாங்கன்னு பயந்து ஆளை சீட்டோட இறுக்கிக் கட்டுறத எங்கயாவது பாத்தீங்கன்னா உடனே நிப்பாட்டுங்க, போட் கவுந்தா அந்தக் கட்டுதான் ஆளக் கொல்லும். ரெண்டு பக்கமும் மிதவை வச்ச போட் இருக்கு, முதுகுக்கு சாய்மானம் இருக்கு, பட்டி வேணும்னா ஒரே இழுப்புல கழர்றது மட்டும்தான்.

பார்வை இல்லாதவங்க, ரெண்டு பேர் ஓட்டுற போட்ல கூட இருக்கிறவர் குரலக் கேட்டுத் துடுப்பு போடுவாங்க. காது கேக்காதவங்களோட கை சைகைய கரையிலயே பேசி வச்சிக்கங்க, தண்ணிக்குப் போனப்புறம் பின்னால இருந்து கத்தி ஒன்னும் ஆகாது.

அம்மாவோட பயம் எனக்குப் புரியுது. மவுசாகலை நீர்த்தேக்கத்துத் தண்ணிக்குள்ள பழைய மஸ்கெலியா டவுனே கிடக்கு, தண்ணி வத்துற காலத்துல கோயில் வெளிய தெரியும், அதப் பாத்து வளந்தவங்களுக்குப் பயம் இருக்கத்தான் செய்யும். ஆனா பாவம்னு சொல்லி ஒரு ஆள தோட்டத்து வரிசை வீடான லயத்து வாசல்லயே வருஷக்கணக்கா உக்கார வைக்கிறத என்னால ஏத்துக்க ஏலாது. பராலிம்பிக்ல 1960 ரோம்ல இருந்தே நீச்சல் இருக்கு, 2008ல துடுப்புப் படகு வந்துச்சு, 2016ல கனூ படகுப் போட்டி. மாற்றுத்திறனாளிகள் உரிமைக்கான ஐநா சமவாயத்த நம்ம நாடும் 2016ல ஏத்துக்கிட்டது, அதுல 30வது உறுப்புரை விளையாட்டும் பொழுதுபோக்கும் அவங்க உரிமைன்னு சொல்லுது. அம்மாவ ஒருநாள் கூட்டிட்டுப் போய்க் காட்டுங்க.

வந்து பாத்துட்டு ஒருத்தர் எனக்கு வேணாம்னு சொன்னா அது அவர் முடிவு, கரையில டீ குடிச்சிட்டு சும்மா இருக்கட்டும். போட்டோ வேணும்னு யாரையும் ஏத்தாதீங்க, ஃபேஸ்புக்ல போடுறதுக்கு முன்னால அவங்ககிட்ட கேளுங்க.

பக்கத்துலயே மவுசாகலையும் காசல்ரீயும் இருக்க ஏன் கிரகரின்னு யாராவது கேட்டா, நம்ம நீர்த்தேக்கத்துல கரண்ட்டுக்காக தண்ணி ஏறி இறங்கும், இறங்கினா கரை பூரா சேறும் சரிவும், வீல்செயார் பொதஞ்சிடும். கிரகரியில கரை சமதரை.

ஆனா அங்க போய்ச் சேர்றதுதான் கஷ்டம். லயத்துப் படி, கல்லு ரோடு, பஸ்ல வீல்செயார ஏத்த மாட்டேங்கிற கண்டக்டர். நம்ம தோட்டங்கள்ல எத்தனையோ பேர் இதனாலயே வீட்டோட இருக்காங்க. முதல் மீட்டிங்லயே வேன் யார் பிடிக்கிறது, காசு யார் குடுக்கிறது, லயத்துல இருந்து ரோட்டுக்கு யார் தூக்கிட்டு வர்றதுன்னு கேளுங்க. பதில் இல்லன்னா உங்க தோட்டத்துப் பொடியன்கள நாலு பேரச் சேத்துக்கிட்டு அந்த வேலைய நீங்களே எடுத்துக்கங்க, போய்ட்டு வந்து எனக்கு எழுதுங்க.

அன்புடன்,
அக்கா