இடமிருந்தும் ஏறாத காவடி வீடியோ

கேள்வி: தைப்பூசக் காவடி வீடியோ 6 ஜிபி. பென் டிரைவ் 64 ஜிபி, காலியாகத்தான் கிடக்கிறது, ஆனாலும் கோப்பு மிகப் பெரியது என்று சொல்லி ஏற மறுக்கிறது. டிரைவும் 59.6 ஜிபி என்றுதான் காட்டுகிறது. கடையில் ஏமாந்துவிட்டேனா?
– வாசகர், ரோஸ் ஹில், மொரீஷியஸ்

பதில்: இல்லை, ஏமாறவில்லை. தயாரிப்பாளர்களுக்கு ஒரு ஜிபி என்றால் 100 கோடி பைட், விண்டோஸுக்கு 107 கோடிக்கு மேல், அவ்வளவுதான். வீடியோ ஏறாததற்குக் காரணம் வேறு. எந்தக் கோப்பு டிரைவில் எங்கே இருக்கிறது என்று குறித்து வைக்கும் பேரேடுதான் ஃபைல் சிஸ்டம். உங்களுடையது அநேகமாக ஃபேட்32, அதில் ஒரு கோப்பின் அளவை எழுத 32 பிட்தான், அதாவது 0 அல்லது 1 எழுதும் 32 கட்டங்கள்தான் ஒதுக்கியிருக்கிறார்கள், அதனால் எவ்வளவு இடம் மிச்சமிருந்தாலும் 4 ஜிபியைத் தொடும் கோப்பு உள்ளே போகாது.

டிரைவை எக்ஸ்ஃபேட் என்ற இன்னொரு ஃபைல் சிஸ்டத்துக்கு ஃபார்மேட் செய்து மாற்றுங்கள். 2006-இல் மைக்ரோசாஃப்ட் கொண்டுவந்தது, மேக்கிலும் நன்றாக வேலை செய்யும். ஆனால் ஃபார்மேட் செய்தால் உள்ளே இருப்பதெல்லாம் போய்விடும், குடும்பப் படங்கள் ஏதாவது இருந்தால் தயவுசெய்து முதலில் கணினியில் நகலெடுத்து வையுங்கள். அப்புறம், வீட்டில் இருப்பது பழைய டிவியாக இருந்து அது எக்ஸ்ஃபேட்டைப் படிக்கவில்லை என்றால், வீடியோவை இரண்டாக வெட்டி ஃபேட்32-லேயே போட்டுவிடலாம்.