பெயர்ப்பலகை இல்லாத பழைய கார்: மிச்சமிருக்கும் பாகங்களை வைத்து அது என்ன கார் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

கேட்டவர் கொடுத்திருக்கும் விவரம் இதுதான். குடியாத்தம் பக்கம் ஒரு கிராமம். கிணற்றடியில் இருந்த பழைய பம்பு கொட்டகையை இடித்தபோது ஒரு காரின் மிச்சம் வெளியே வந்திருக்கிறது. இரண்டு சிலிண்டர் இன்ஜின், முன் ஆக்சிலோடு பாதி சேஸ், மர ஆரக்கால் வைத்த சக்கரம் ஒன்று, 'லூகாஸ்' என்று பொறித்த பித்தளை விளக்கு, 'சிம்சன் அண்டு கம்பெனி, மெட்ராஸ்' என்று ஒரு சின்னத் தகடு. அது வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையைத் தொடங்கிய டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மாவின் கார் என்று தாத்தா சொல்லிக்கொண்டிருந்தாராம். காயலான் கடைக்காரர் வந்து பார்த்துவிட்டு ரோல்ஸ் ராய்ஸ் என்றிருக்கிறார். (ரோல்ஸ் ராய்ஸ் என்று சொன்னவர் விலையை மட்டும் கிலோ கணக்கில் சொன்னது எனக்குப் பிடித்திருக்கிறது.)

கேட்டவர் அனுப்பிய படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ரோல்ஸ் ராய்ஸ் இல்லை. ஐடா அம்மாவின் கார் என்பதற்கும் இன்ஜினே குறுக்கே நிற்கிறது. 1914-க்கு முந்தைய இரண்டு சிலிண்டர் ரெனால்ட் என்பது என் கணிப்பு. இரண்டு அளவு எடுத்தால் அது நிற்குமா விழுமா என்று தெரிந்துவிடும்.

எனக்குத் தொழில் லேத். நைனா காலத்திலிருந்தே வேலூரில் பட்டறை. சுற்றுப்பட்டில் யார் வீட்டில் பழைய இரும்பு கிடைத்தாலும் 'இது என்னன்னு பாருங்க' என்று கொண்டுவருவார்கள். இதில் நான் வைத்துக்கொண்டிருக்கும் கணக்கு எளிது. ஸ்பேனர் போட்டுக் கழற்றி மாட்டக்கூடிய எதையும் முதல் சாட்சியாக எடுக்கமாட்டேன். வார்ப்பு, ரிவெட், கிராங்க் என்று மாற்றவே முடியாததிலிருந்து ஆரம்பித்து வெளியே வருவேன். பெரும்பாலானோர் தலைகீழாகத் தகட்டிலிருந்து ஆரம்பிக்கிறார்கள்.

உங்கள் சிம்சன் தகட்டையே எடுத்துக்கொள்வோம். சிம்சன் 1840-இல் மெட்ராசில் ஆரம்பித்த கோச்சு வண்டிக் கம்பெனி. கார் காலம் வந்ததும் அதே ஆசாரிகளும் தோல் வேலைக்காரர்களும் காருக்குப் பாடி கட்டினார்கள். அங்கே இருந்த சாமுவேல் ஜான் கிரீன் 1903-இல் ஒரு நீராவிக் காரே செய்தார். ஆனாலும் அந்தக் காலத்தில் வெளிநாட்டிலிருந்து சேஸ் மட்டும் கப்பலில் வந்து, பாடி இங்கே கட்டுவது சகஜம். அதனால் அந்தத் தகடு, கார் மெட்ராஸ் வழியாக வந்தது என்பதை மட்டும்தான் சொல்கிறது. யார் செய்தது என்று சொல்லாது.

லூகாஸ் விளக்கு அதைவிட மோசம். அது இங்கிலாந்துச் சரக்கு, எந்த நாட்டுக் காரிலும் மாட்டலாம். பின்பக்கம் கார்பைடு போடும் குப்பியோ காஸ் குழாய் மாட்டும் மூக்கோ இருக்கிறதா பாருங்கள். கார்பைடு மேல் தண்ணீர் சொட்டி, வரும் காஸில் எரிகிற விளக்கு என்றால், மின்விளக்கு பரவுவதற்கு முந்தைய சாமான். விளக்கின் வயது தெரியும், காரின் வயது தெரியாது. இன்ஜினுக்குத் தீப்பொறி கொடுக்கும் மேக்னெட்டோவும் இப்படித்தான். பாஷ் கம்பெனி உயர் அழுத்த மேக்னெட்டோவை 1902-இல் கொண்டுவந்த பிறகு பாதி ஐரோப்பா அதை வாங்கி மாட்டியது.

பேரணாம்பட்டு பக்கம் ஒரு தோல் மண்டியில் இப்படி ஒரு வண்டி கிடந்தது. அதையும் ஊரே ரோல்ஸ் ராய்ஸ் என்றது. குனிந்து முன்னால் பார்த்தேன். ஸ்பிரிங் பட்டை நீளவாக்கில் இல்லை, ஆக்சிலுக்கு மேலே குறுக்காக ஒன்றே ஒன்று. பின்னாலும் அப்படியே. தரையில் மூன்று பெடல். அதற்குமேல் யோசிக்க ஒன்றுமில்லை, ஃபோர்டு மாடல் டி. 1908-லிருந்து 1927 வரை 1.5 கோடி செய்த கார். இன்ஜின் பிளாக்கின் இடது பக்கம், தண்ணீர் நுழையும் வாய்க்கு மேலே எண் இருந்தது. முன்னால் 'சி' எழுத்து, அதாவது கனடா ஃபோர்டு. பிரிட்டன் தவிர்த்த பேரரசு நாடுகளுக்கு ஃபோர்டு கார் அனுப்பும் உரிமை கனடா கம்பெனியிடம்தான் இருந்தது. மண்டி முதலாளி பாய்க்கு முகம் தொங்கிவிட்டது. ஆனால் மாடல் டி-க்கு இன்றைக்கும் புது உதிரிபாகம் கிடைக்கும், ஓட்டிப் பார்க்க ஆசை இருப்பவருக்கு அதுதான் லாபம் என்பேன்.

உங்கள் வண்டிக்கு வருகிறேன். உங்கள் இரண்டாவது படத்தில் சேஸின் முன்முனை தெளிவாகத் தெரிகிறது. ஸ்பிரிங் நீளவாக்கில் இருக்கிறது, அதனால் ஃபோர்டு இல்லை. முன் குறுக்குச் சட்டத்தில் ரேடியேட்டர் உட்காரும் தாங்கி கிடையாது, அதற்கான துளைகூட இல்லை. மாறாக, இன்ஜின் உட்காரும் இடத்துக்குப் பின்னால், சட்டத்தின் இரண்டு பக்கமும் ரிவெட் அடித்த தாங்கி இருக்கிறது. முதல் படத்தில் சிலிண்டர் தலையிலிருந்து தண்ணீர் வெளியேறும் வாயும் பின்பக்கம் பார்த்திருக்கிறது. ஆக ரேடியேட்டர் இன்ஜினுக்கு முன்னால் இல்லை, பின்னால், டேஷ்போர்டை ஒட்டி. காயலான் கடைக்காரருக்கு இங்கேயே பதில் கிடைத்துவிட்டது. ரோல்ஸ் ராய்ஸும் ஆரம்பத்தில், 1904 முதல் 1906 வரை, 10 குதிரைசக்தியில் இரண்டு சிலிண்டர் கார் செய்தது உண்மைதான். செய்தது இருபதுக்கும் குறைவு. ஆனால் அதற்கு ரேடியேட்டர் முன்னால்.

ரேடியேட்டரைப் பின்னால் வைத்ததில் பேர் போனது ரெனால்ட். 1920-களின் கடைசி வரை விடாப்பிடியாக அப்படியே செய்தார்கள். முன்னால் ரேடியேட்டர் இல்லாததால் பானெட் முறத்தைக் கவிழ்த்த மாதிரி சரிந்து இறங்கும். தண்ணீருக்குப் பம்பு கிடையாது, சூடான தண்ணீர் தானாக மேலேறி ரேடியேட்டருக்குப் போகும். ஆனால் ரெனால்ட் மட்டும் என்று சொல்லிவிட முடியாது. கிளெமோ பயார்டு, ஷாரோன் என்ற பிரெஞ்சுக் கார்களும், ஸ்காட்லாந்தின் அரோல் ஜான்ஸ்டனும்கூட இதே அமைப்பில் கார் விட்டிருக்கின்றன. அதனால்தான் அளவு வேண்டும்.

போர் (சிலிண்டரின் உள்விட்டம்), ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) இரண்டையும் மில்லிமீட்டரில் எடுங்கள். போர் எடுக்கும்போது சிலிண்டரில் பிஸ்டன் ரிங் உரசும் இடத்தில் எடுத்துவிடாதீர்கள், நூறு வருடத் தேய்மானம் அங்கேதான் இருக்கும். விளிம்பில், மேல் ரிங் ஏறாத இடத்தில் மெல்லிய உதடு மாதிரி ஒன்று விரலுக்குத் தட்டுப்படும். அங்கே வையுங்கள் வெர்னியரை. அந்த உதடே இல்லையென்றால் யாரோ ரீபோர் செய்திருக்கிறார்கள், அதாவது சிலிண்டரை அகலமாகக் கடைந்திருக்கிறார்கள், வரும் அளவிலிருந்து கொஞ்சம் கழித்துப் பார்க்க வேண்டும். அந்தக் காலத்து இன்ஜினில் தலை தனியாக வராது, சிலிண்டரோடு ஒரே வார்ப்பு. வால்வு மூடியைக் கழற்றினாலும் மேலிருந்து போருக்குள் வெர்னியர் போகாது. சிலிண்டர் பிளாக்கையே கிராங்க் கேஸிலிருந்து தூக்கவேண்டி வரும். அவசரப்படாமல் டீசல் ஊற்றி ஊறவிட்டுத் தூக்குங்கள்.

ஸ்ட்ரோக் இன்னும் நல்ல சாட்சி. ரீபோர் செய்தாலும் ஸ்ட்ரோக் மாறாது, அது கிராங்கிலேயே இருக்கிறது. பிஸ்டன் மேல் எல்லையிலிருந்து கீழ் எல்லைக்கு இறங்கும் தூரத்தை அளந்தால் போதும். இறுகிப்போயிருந்தால், கிராங்கின் மைய அச்சிலிருந்து கிராங்க் பின்னின் மையம் வரை அளந்து இரண்டால் பெருக்குங்கள்.

போர் 75, ஸ்ட்ரோக் 120 என்று வந்தால் மேலே யோசிக்க வேண்டாம். சிலிண்டருக்கு 530 சிசி, இரண்டுக்கும் சேர்த்து 1060. அதுதான் ரெனால்டின் ஏஜி, ஏஎக்ஸ் இரண்டு மாடலிலும் இருந்த இன்ஜின். ஏஜி 1905-லிருந்து, ஏஎக்ஸ் 1908 முதல் 1914 வரை. 1914 செப்டம்பரில் பாரிசிலிருந்து மார்ன் போர்முனைக்குப் படைவீரர்களை ஏற்றிப்போன டாக்சிகளில் பெரும்பாலானவை இந்த ஏஜி சேஸ்தான். ஏஜியா ஏஎக்ஸா என்பதை இன்ஜின் சொல்லாது. அதற்குச் சேஸின் மீதிப் பாதி வேண்டும். கட்டை வண்டிக்கு அடித்துப் போட்டிருக்கிறார்களா என்று ஊரில் விசாரியுங்கள். நம் பக்கத்தில் பழைய கார் ஆக்சில் வண்டிக்குப் போவது புதிதல்ல.

இப்போது மரை, அதாவது போல்ட்டிலும் துளையிலும் வெட்டியிருக்கும் திருகு. இது என் தொழில், அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன். அளவு மில்லிமீட்டரில் முழு எண்ணாக வந்தால் உடனே பிரெஞ்சு என்று முடிவுகட்ட முடியாது. ஆங்கிலேயக் கம்பெனிகளும் போரை மில்லிமீட்டரில் சொல்வதுண்டு. ஆனால் மரை விட்வொர்த் என்ற ஆங்கிலேய அங்குல மரையாக இருக்கும். பிரான்சில் மெட்ரிக். அமெரிக்காவில் அங்குலம், ஆனால் கோணம் வேறு. விட்வொர்த் 55 டிகிரி, மற்ற இரண்டும் 60. அளக்கும்போது போல்ட்டை அளக்காதீர்கள். நூறு வருடத்தில் எத்தனை மெக்கானிக் எத்தனை போல்ட் மாற்றியிருப்பான். வார்ப்பிலேயே மரை வெட்டிய துளையை அளங்கள். அது பிறந்தபோது இருந்த மரை.

இங்கே சறுக்கிவிடுகிற இடம் ஒன்று உண்டு. 3/8 அங்குல விட்வொர்த்துக்கு அங்குலத்துக்கு 16 மரை, பிட்ச் (ஒரு மரைக்கும் அடுத்ததற்கும் உள்ள தூரம்) 1.59 மில்லிமீட்டர். 10 மில்லிமீட்டர் மெட்ரிக் போல்ட்டின் பிட்ச் 1.5. நாலைந்து மரைக்கு இரண்டும் ஒன்று போலவே ஏறும். துருப்பிடித்த துளையில் 'ஓ, விட்வொர்த்' என்று எழுதிவிட்டுப் போய்விடுவோம். நீளமான துளையாகத் தேடி, மரை அளக்கும் பல் தகடான திரட் கேஜை பத்துப் பன்னிரண்டு மரைக்காவது படுக்கவைத்து, பின்னால் டார்ச் அடித்துப் பாருங்கள். வெளிச்சம் கசிந்தால் அது இல்லை.

இதிலும் விதிவிலக்கு உண்டு. முதல் உலகப்போருக்குப் பிறகு வந்த மோரிஸ் கௌலி ஆங்கிலேயக் கார்தான். ஆனால் இன்ஜின் செய்தது கவென்ட்ரியில் இருந்த ஹாட்ச்கிஸ் என்ற பிரெஞ்சுக் கம்பெனி. அவர்களிடம் இருந்த மிஷின் எல்லாம் மெட்ரிக். அதனால் மரை மெட்ரிக், போல்ட் தலை மட்டும் ஆங்கிலேய மெக்கானிக்கின் ஸ்பேனருக்குப் பொருந்துகிற விட்வொர்த் சைஸ். ஆனால் அது நாலு சிலிண்டர், உங்கள் வண்டியோடு குழப்பிக்கொள்ள வழியில்லை.

ஐடா அம்மா விஷயம். சி.எம்.சி. வரலாற்றில் வருவது, கிராமங்களுக்கு மாட்டு வண்டியில் போய்க்கொண்டிருந்த அவருக்கு 1909-இல் ஒரு பியூஜோ கார் வந்தது என்பது. அதில்தான் வேலூர்–குடியாத்தம் சாலையோர மருத்துவம் வேகம் பிடித்தது. உங்கள் தாத்தா அந்த வழியில் எந்தப் பழைய காரைப் பார்த்தாலும் அப்படி நினைத்ததில் வியப்பில்லை. இரண்டும் பிரெஞ்சு, இரண்டிலும் மெட்ரிக் மரை, காலமும் ஒன்று. ஆனால் அந்தப் பியூஜோ ஒற்றை சிலிண்டர் சிறு கார் என்றே நான் படித்திருக்கிறேன். உங்களிடம் இருப்பது இரண்டும் ஒரே வார்ப்பாக உள்ள இரட்டை சிலிண்டர். வேறு எங்கிருந்தோ வந்த இன்ஜின் என்று சொல்லித் தப்பிக்கவும் முடியாது, அது சேஸின் தாங்கியில் துளைக்குத் துளை பொருந்துகிறதே.

ஒற்றை சிலிண்டர் வைத்திருக்கும் வேறு யாராவது இதைப் படித்தால் அவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அங்கே இன்ஜின்கூடச் சாட்சி இல்லை. டி டியான் பூட்டன் கம்பெனி தன் ஒற்றை சிலிண்டர் இன்ஜினை ஊருக்கெல்லாம் விற்றது. 1898-இல் ரெனால்டின் முதல் கார் ஓடியதே டி டியான் இன்ஜினில். ஆட்லர், டெலாஜ், அமெரிக்காவின் பியர்ஸ் எல்லாம் அதை வாங்கி ஆரம்பித்தவைதான். போதாததற்கு பாரிசில் லகோஸ்ட் பேட்மன் என்று ஒரு கம்பெனி, முழுக் காரையே பெயர் போடாமல் செய்து கொடுக்கும். வாங்கியவர் தன் பெயரை ஒட்டிக்கொள்வார். அதில் சேஸையும் கியர்பாக்சையும் வைத்துத்தான் பேச முடியும்.

பெயர் எழுத்து கிடைக்கவேண்டுமென்றால் உங்கள் சக்கரத்தின் நடுவில் இருக்கும் பித்தளை மூடியைத் தேய்த்துப் பாருங்கள். மணல் காகிதம் வேண்டாம், கிரைண்டர் வேண்டவே வேண்டாம். மண்ணெண்ணெயும் பித்தளை பிரஷ்ஷும் போதும். 'ரெனால்ட் ஃப்ரேர்', அதாவது சகோதரர்கள் என்று இருந்தால் 1909-க்கு முந்தையது என்று பெரும்பாலும் வைத்துக்கொள்ளலாம். ரெனால்ட் சகோதரர் மூவரில் மார்செல் 1903 பந்தயத்தில் இறந்தார், ஃபெர்னாண்ட் 1909-இல் போனார். அதன்பிறகு லூயி தனியாக, கம்பெனி பெயரையும் மாற்றிக்கொண்டார். அச்சு மங்கலாக இருந்தால் ஆர்.டி.ஓ. ஆபீசில் சேஸ் நம்பருக்குப் பென்சில் பிரிண்ட் எடுக்கிற மாதிரி மெல்லிய காகிதம் வைத்து எடுங்கள். கண்ணுக்குத் தெரியாத கோடு காகிதத்தில் விழும்.

சக்கரத்தில் இன்னொன்று பார்க்கலாம். ரிம்மின் இரண்டு ஓரமும் உள்பக்கம் கொக்கி போல மடிந்திருந்தால் பழைய பீடட் எட்ஜ் டயர், 1920-களின் நடுப்பகுதியோடு வழக்கொழிந்தது. டயர் மிச்சம் ஒட்டியிருந்து அதில் 760×90 என்கிற மாதிரி எண் தெரிந்தால், முதல் எண் டயரின் வெளி விட்டம், இரண்டாவது தடிமன். ஆனால் சக்கரம் மாறியிருக்கலாம், அதற்கு நான் பாதி மதிப்பெண்தான் தருவேன்.

கடைசியாக விற்பது பற்றிக் கேட்டிருந்தீர்கள். அளவு கைக்கு வரும்வரை யாரிடமும் விலை பேசாதீர்கள். பதிவு செய்யும் எண்ணம் இருந்தால், 2021-இல் வந்த மத்திய விதிப்படி 50 வயது தாண்டிய, சேஸ், பாடி, இன்ஜினில் பெரிய மாற்றம் செய்யாத வண்டிக்கு 'விஏ' வரிசையில் எண் தருகிறார்கள். புதுப்பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய், பத்து வருடத்துக்குச் செல்லும். ஆகவே எண் மங்கிப்போயிருக்கிறது, புதிதாகக் குத்தித் தருகிறேன் என்று எந்தப் பட்டறைக்காரன் சொன்னாலும், நானே சொன்னாலும், இன்ஜின் மேல் பஞ்ச் விழ விடாதீர்கள். போர், ஸ்ட்ரோக், துளையின் மரை, மூன்றையும் எடுத்து இங்கேயே கருத்தில் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.