ஷிஃப்ட் வேலை, 180 பிங், ப்ரீஸ்ட் மச்சான்: கிளாசிக்ல எந்த கிளாஸ் எடுக்கறது?

காவேரிப்பட்டணத்துல இருந்து ஒரு தம்பி கேட்டிருக்கார். ஓசூர் சிப்காட்ல வேலை, மூணு ஷிஃப்டும் மாறி மாறி வரும், வீட்டுக்கு வந்து ஒரு மணி ஒன்றரை மணி நேரம் ஆடுவாராம். வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் கிளாசிக்ங்கற ஆன்லைன் கேம் புதுசா ஆரம்பிக்கறார், ஐரோப்பா சர்வர்ல பிங் (நாம அமுக்கறது சர்வருக்குப் போய்த் திரும்ப ஆகற நேரம், மில்லிசெகண்ட்ல) 180 பக்கம் காட்டுதாம். பாலக்கோட்டு மச்சான் ஒருத்தர் ட்ரோல் இனத்துல ப்ரீஸ்ட் (அடிபட்டவங்களுக்கு உயிரை ஏத்தற ஹீலர் கிளாஸ், கிளாஸ்னா கேரக்டர் வகை) வெச்சு ஆடிட்டு இருக்கார். "எனக்கு வாரியர் மேல தான் ஆசை, ஆனா ரோக் எடு டேமேஜ் அள்ளும்ங்கறான் ஒருத்தன், மேஜ் எடுங்கறான் இன்னொருத்தன், இந்த லேக்ல எதை ஆட முடியும், ஒரு தடவை செத்தா முடிஞ்சதுங்கற ஹார்ட்கோர் சர்வர்ல இறங்கலாமா?" இதுதான் கேள்வி.

தம்பி, முதல்ல அந்த டேமேஜ் லிஸ்ட்டை எல்லாம் மூடி வைங்க. அதெல்லாம் லெவல் 60 ஆகி, நாப்பது பேர் சேர்ந்து ரெய்டு (பெரிய பெரிய எதிரிகளை அடிக்கற கூட்டுச் சண்டை) போறப்போ யார் எவ்ளோ அடிக்கறாங்கன்னு போட்ட கணக்கு. நீங்க ஒன்றரை மணி நேரம் ஆடற ஆளு, 60 ஆகறதுக்கு மாசக்கணக்குல ஆகும், அதுவரைக்கும் முக்காவாசி நேரம் தனியா காட்டுல பன்னி அடிச்சிட்டு தான் இருப்பீங்க. அதனால பார்க்க வேண்டியது ஒண்ணே ஒண்ணு: மச்சான் கூட நிஜமா எத்தனை நாள் சேர்ந்து ஆடுவீங்க? அவர் ராத்திரி தான் வருவார், உங்களுக்கு அந்த வாரம் நைட் ஷிஃப்ட்னா முடிஞ்சுது கதை. உங்க பதில்ல பாதி இதுலயே இருக்கு.

ஏன்னா வாரியர்ங்கறது தனி ஆளுக்கு ஒரு கேம், பின்னாடி ஹீலர் இருந்தா வேற கேம். மந்திரம் போடறவங்களுக்கு இருக்கற மானாங்கற சக்தி வாரியருக்கு கிடையாது, ரேஜ் தான். அடிச்சா ஏறும், அடி வாங்குனா ஏறும், சும்மா நின்னா இறங்கிடும். அதாவது சண்டை ஆரம்பிக்கறப்போ கையில ஒண்ணுமே இருக்காது, சார்ஜ் பண்ணி உள்ள போனா கொஞ்சம் கிடைக்கும், அப்புறம் உங்க அடி மிஸ் ஆகி மிஸ் ஆகி போச்சுன்னா ரேஜும் வராது, ஸ்கில்லும் அமுக்க முடியாது, எதிரி மட்டும் உங்களை அடிச்சிட்டே இருப்பான். ஒவ்வொரு சண்டைக்கும் அப்புறம் உக்காந்து சாப்பிடணும். ரெண்டு மாப் (கேமே ஓட்டற எதிரி) சேர்ந்து வந்துட்டா ஓடவும் வழி இல்ல. உங்களை விட ஒண்ணு ரெண்டு லெவல் கம்மியான மாப்பா பார்த்து அடிச்சா தான் வண்டி ஓடும், ஆயுதம் பழசாயிட்டா அதுவும் ஓடாது. இதே வாரியர் பின்னாடி ஒரு ப்ரீஸ்ட் நின்னா வாங்கற அடி எல்லாம் ரேஜா மாறும், உயிரை அவர் பார்த்துக்குவார், சாப்பிட உக்கார வேண்டியதே இல்ல. அஞ்சு பேர் குரூப்பா போற டஞ்சனுக்கு, முன்னாடி நின்னு அடி வாங்கற டேங்க் வேணும்னு ஆளுங்க எப்பவும் தேடிட்டு இருப்பாங்க, குரூப் உடனே கிடைக்கும். ஆனா டேங்க்னா பாதியில எந்திரிச்சு போக முடியாது, அம்மா கூப்பிட்டாலும் சரி கரண்ட் போனாலும் சரி, நாலு பேர் சாவாங்க.

இப்போ லேக் விஷயம். 180 பிங்னா பயப்படற அளவுக்கு ஒண்ணும் இல்ல. இந்த கேம்ல ஒரு ஸ்கில் அமுக்குனா அடுத்ததுக்கு பொதுவா ஒன்றரை செகண்ட் காத்திருக்கணும், ரோக்குக்கு ஒரு செகண்ட். அந்த காத்திருப்பு முடியறதுக்கு 400 மில்லிசெகண்ட் முன்னாடியே அடுத்த பட்டனை அமுக்கிட்டா சர்வர் அதை வரிசையில போட்டு வெச்சிக்கும், அதனால அடிக்கற வேகத்துல லேக் பெருசா தெரியாது. தெரியறது எங்கன்னா, எதிரி செய்யறதைப் பார்த்து அந்த நொடியில நீங்க பதில் செய்யற இடத்துல தான்.

ரோக் அங்க தான் மாட்டுவார். அவருக்கு ஸ்கில் போட எனர்ஜி, மொத்தம் 100, ரெண்டு செகண்டுக்கு 20 ஏறும், அது நிதானமான ஆட்டம் தான், லேக் ஒண்ணும் பண்ணாது. ஆனா எதிரி மந்திரம் போட ஆரம்பிச்சதும் கிக் அடிச்சு நிறுத்தணும் பாருங்க, அவன் ஆரம்பிச்சதே உங்க ஸ்க்ரீனுக்கு லேட்டா வருது, நீங்க அமுக்கறது அங்க லேட்டா போகுது, ரெண்டு பக்கமும் நஷ்டம். பேக்ஸ்டாப்னு ஒண்ணு இருக்கு, முதுகுல குத்தறது. உங்க ஸ்க்ரீன்ல நீங்க கரெக்டா பின்னாடி தான் நிப்பீங்க, மாப் நகர்ந்துட்டு இருந்தா சர்வர் கணக்குல அது திரும்பியிருக்கும், "பின்னாடி நில்லு"ன்னு சிவப்புல எழுத்து வரும், கடுப்பா இருக்கும். உயிர் தப்பிக்க வேனிஷ்னு மறையற ஸ்கில்லைப் போட்டா, ஏற்கனவே காத்துல வந்துட்டு இருக்கற ஒரு அம்பு பட்டு மறைஞ்சது வெளிய வந்துடும். மத்தபடி ஒளிஞ்சு ஒளிஞ்சு போய் பெட்டியை மட்டும் எடுத்துட்டு வர்ற சுகம் வேற எதுலயும் கிடையாது, அது உங்களுக்குப் பிடிச்சா இதெல்லாம் பரவாயில்லைன்னு தோணும்.

மேஜ் நல்ல கிளாஸ். தண்ணி, சாப்பாடு தானே வரவழைச்சுக்கலாம், காசு மிச்சம். ஃப்ராஸ்ட்போல்ட் போட்டா எதிரி நொண்டி நொண்டி வருவான், கிட்ட வந்தா நோவா போட்டு காலைக் கட்டிட்டு நகர்ந்துக்கலாம், ரெண்டு பேர் வந்தா ஒருத்தனை ஆடாக்கிடலாம். ஆனா உடம்பு அப்பளம், கவனம் ஒரு நிமிஷம் தப்பக் கூடாது. நைட் ஷிஃப்ட் முடிச்சு கண்ணு சொருகிட்டு ஆடற ஆளுக்கு நான் சொல்ல மாட்டேன்.

உங்களுக்கு நான் சொல்றது ஹன்டர், இல்லன்னா வார்லாக். காரணம் பெட், அதாவது உங்களுக்காக சண்டை போடற துணை மிருகம் இல்ல பேய். பெட்டை ஒருத்தன் மேல ஏவி விட்டுட்டா அதுக்கப்புறம் அது சண்டை போடறது முழுக்க சர்வர்லயே நடக்குது, உங்க பிங் 180 ஆ 300 ஆன்னு அதுக்கு கவலை இல்ல. கரண்ட் போச்சுன்னு வைங்க, உங்க கேரக்டர் உடனே மறையாது, கொஞ்ச நேரம் அங்கயே மரம் மாதிரி நிக்கும், அப்போ அடி வாங்கறது பெட்டா நீங்களாங்கறது தான் விஷயம்.

ஹன்டர்ல ரெண்டு தொல்லை. லெவல் 10 வரைக்கும் பெட் கிடையாது, அதுவரைக்கும் ஒரு சப்பையான ஆளு தான், பொறுத்துக்கணும். இன்னொண்ணு, 8 யார்டுக்கு உள்ள வந்தவனை வில்லால அடிக்க முடியாது, 5 யார்டுக்குள்ள வந்தா தான் கத்தி எட்டும், நடுவுல இருக்கற மூணு யார்டுல நீங்க சும்மா வேடிக்கை பார்க்கணும். எதிரி பெட்டை விட்டுட்டு உங்க மேல திரும்பிட்டா பதறிப் பின்னாடி போகாம, ஒண்ணு நல்லா ஒட்டி நின்னு அடிங்க, இல்ல விங் கிளிப்ங்கற ஸ்கில்லைப் போட்டு அவன் வேகத்தைக் குறைச்சிட்டு முழுசா தள்ளிப் போங்க. பெட்டுக்கு சாப்பாடு போட மறக்காதீங்க, சந்தோஷமா இருந்தா கால்வாசி அதிகமா அடிக்கும், மூஞ்சியைத் தூக்கி வெச்சிக்கிட்டா கால்வாசி கம்மி. முதல் பெட்டா பன்னி புடிங்க, அது எதைப் போட்டாலும் திங்கும். டஞ்சன்ல மேல இருந்து கீழ குதிக்கறதுக்கு முன்னாடி பெட்டை டிஸ்மிஸ் பண்ணிடணும், இல்லன்னா அது சுத்து வழியா ஓடி வந்து ஊரையே கூட்டிட்டு வரும், அப்புறம் குரூப்ல திட்டு வாங்கி மாளாது.

வார்லாக்கும் சோம்பேறிக்கு ஏத்தது தான். சாபத்தைப் போட்டு, கொஞ்சம் கொஞ்சமா உயிரைக் குறைக்கற கரப்ஷன் போட்டு, வாய்ட்வாக்கர்ங்கற பேய் பெட்டை முன்னாடி விட்டுட்டு நின்னா எதிரி தானா கரைவான். லைஃப் டேப்னு தன் உயிரைக் கரைச்சு மானா எடுக்கலாம், மச்சான் ப்ரீஸ்ட் பக்கத்துல இருந்தா அது கொண்டாட்டம். லெவல் 40ல மத்தவங்க குதிரைக்கு 100 கோல்டு பக்கம் சேர்க்க நாயா அலையறப்போ வார்லாக்குக்கு கிட்டத்தட்ட சும்மாவே கிடைச்சிடும். எதிரியை மிரள வெச்சு ஓட விடற ஃபியர் மட்டும் பார்த்துப் போடுங்க, எருது விடுற விழால மிரண்ட காளை மாதிரி எந்தப் பக்கம் ஓடும்னு தெரியாது, குகைக்குள்ள போட்டீங்கன்னா நாலு பேரைச் சேர்த்துக் கூட்டிட்டு தான் திரும்பும். சில மந்திரத்துக்குத் தேவைப்படற சோல் ஷார்டுங்கற பொருள் பையை அடைக்கறது தனி எரிச்சல்.

ரெண்டுல எதுனாலும் ஆர்க்கா எடுங்க. மச்சான் ட்ரோல், ரெண்டு இனமும் ட்யூரோட்டார்லயே ஆரம்பிக்குது, ஆர்க்கோட பெட்டுக்கு 5 சதவீதம் அதிக டேமேஜும் உண்டு. ஆர்க், ட்ரோல் ரெண்டும் ஹோர்ட் அணி; எதிர் அணியான அலையன்ஸ் பக்கம் போயிடாதீங்க, ஹோர்ட் ஆளு கூட குரூப் சேர முடியாது. பாலடின் கிளாஸ் அலையன்ஸ்ல மட்டும் தான், அதனாலயே உங்களுக்கு இல்ல. ஷாமன், ட்ரூயிட் ரெண்டும் எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் செய்யும், முதல் கேரக்டருக்கு வேண்டாங்கறது என் எண்ணம்.

ஹார்ட்கோர்? செத்தா அந்த சர்வர்ல அந்த கேரக்டர் அவ்ளோதான், சாதா சர்வருக்கு மாத்திக்கலாம்னாலும் மனசு வராது. சாயங்காலம் இடி மழைன்னா கரண்ட் நிக்காத நம்ம ஊர்ல, ரவுட்டருக்கு மினி யூபிஎஸ் இல்லாம அதுல கால் வைக்காதீங்க. லேப்டாப்புக்கு பேட்டரி இருந்து என்ன பண்ண, நெட் போயிடுமே.

வாரியர் ஆசையை விட வேண்டாம். இப்படி பண்ணுங்க: தினம் ஆட ஹன்டர். மச்சான் கூட மட்டும் ஆட ஒரு வாரியர், அவரும் அதுக்குன்னு புதுசா ஒரு ப்ரீஸ்ட் போடட்டும், இல்லன்னா அவர் லெவல் எங்கயோ போயிடும். ஆடி முடிச்சதும் ரெண்டு பேரும் சத்திரத்துக்குள்ள போய் லாக் அவுட் பண்ணுங்க, 8 மணி நேரத்துக்கு ஒரு லெவல்ல 5 சதவீதம்னு ஓய்வு எக்ஸ்பி (லெவல் ஏத்தற அனுபவப் புள்ளி) சேரும், ஒன்றரை லெவல் வரைக்கும் சேர்ந்து நிக்கும், அது இருக்கறவரை ஒவ்வொரு மாப்புக்கும் எக்ஸ்பி டபுள். ஷிஃப்ட் மாறி பத்து நாள் சந்திக்கலைன்னாலும் நஷ்டம் இல்ல.

மச்சான் கிட்ட ஒண்ணு மட்டும் சொல்லி வைங்க. சண்டை ஆரம்பிச்சதும் பாசத்துல உங்க மேல ஷீல்டு (அடியைத் தாங்கற மந்திரக் கவசம்) போட்டுடுவார். ஷீல்டு அடியை வாங்கிக்கிச்சுன்னா உங்களுக்கு அந்த அடில ரேஜ் வராது, ரேஜ் இல்லாம நீங்க மாப்பைப் பிடிச்சு வைக்க முடியாது, அது நேரா அவர் மேல தான் பாயும். ஹீல் மட்டும் போடச் சொல்லுங்க, ஷீல்டு உயிர் போற நேரத்துக்கு.