ஜங்ஷன் வரை வந்த ஃபைபர் தோட்டத்து வீட்டுக்கு ஏன் வரவில்லை?

கேள்வி: பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே, தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி எங்கள் தோட்டத்து வீடு இருக்கிறது. பஞ்சாயத்து ரோடு ஜங்ஷன் வரை ஃபைபர் வந்து மூன்று வருடம் ஆகிறது. அங்கிருந்து வீட்டுக்கு 1.4 கிலோமீட்டர். அதில் கடைசி 350 மீட்டர் எங்கள் சொந்தத் தென்னந்தோப்பு. மகள் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறாள். ஏஜென்ட் ஒருவர், "தூரம் ஜாஸ்தி அக்கா, நடுவுல பூஸ்டர் வைக்கணும், 18,000 ஆகும். வேண்டாம்னா தமிழ்நாட்டுப் பக்கமிருந்து 600 மீட்டர்ல இழுத்துக் குடுத்துடறேன்" என்கிறார். பணம் கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். இரண்டு வழியிலும் பணம் போகும், நெட் நிற்காது. காரணத்தைத் தெரிந்துகொண்டால் அடுத்து வருகிற ஆளிடம் நீங்களே பேசிக்கொள்வீர்கள்.

வீட்டு ஃபைபருக்காகக் கம்பத்தில் பூஸ்டர் வைக்கிற வேலையே கிடையாது. பழைய கேபிள் டிவிக் காலத்தில் வழியெல்லாம் ஆம்ப்ளிஃபயர் தொங்கும். அந்த நினைப்பை வைத்துத்தான் இதை விற்கிறார்கள். இப்போது வீடுகளுக்கு வருவது பெரும்பாலும் ஜிபான் முறை. எக்ஸ்சேஞ்சில் ஓஎல்டி என்று ஒரு பெட்டி, உங்கள் வீட்டில் ஓஎன்டி என்று ஒரு பெட்டி. நடுவில் கண்ணாடி இழையும், அதைப் பல வீட்டுக்குப் பிரிக்கும் ஸ்ப்ளிட்டரும்தான், கரண்டு வேண்டிய சாமான் ஒன்றும் இல்லை. 20 கிலோமீட்டர் போவதற்கென்றே அமைத்த முறை அது. நல்ல இழையில் கிலோமீட்டருக்குக் கால் டெசிபலில் இருந்து 0.35 டெசிபல் வரை ஒளி தேயும். உங்கள் 1.4 கிலோமீட்டருக்கு மொத்தமே அரை டெசிபல். இழைகளை உருக்கி ஒட்டும் ஃப்யூஷன் மிஷின் இல்லாமல் கையால் மாட்டுகிற ஒரே ஒரு ஃபாஸ்ட் கனெக்டர் அந்த அரை டெசிபலைத் தின்றுவிடும்.

ஒளியை அள்ளிக்கொண்டு போவது ஸ்ப்ளிட்டர். ஒரு இழையை இரண்டாகப் பிரித்தால் சுமார் 3.5 டெசிபல் போகும், எட்டாகப் பிரித்தால் 10.5, முப்பத்திரண்டாகப் பிரித்தால் 17-க்கு மேல். ஓஎல்டியில் +3 டிபிஎம் (ஒளியின் பலத்தைச் சொல்லும் அளவு) என்று கிளம்பும் ஒளி, 32 பிரிப்பும் ஏழெட்டு கிலோமீட்டர் கேபிளும் ஜாயின்ட்டும் கனெக்டரும் கடந்து வீட்டுக்குள் வரும்போது −19, −20 என்று இருக்கும். சாதாரண ஓஎன்டி −27 வரை தாங்கும். மைனஸ் எண்ணைப் பார்த்துக் குழம்ப வேண்டாம்: −19 நல்லது, −26 மோசம்.

இடைத்தரகர் வேலை நடக்கிற இடமும் இதுதான். முறைப்படி கம்பத்து பாக்ஸில் போர்ட் (ஒரு வீட்டுக்கான இணைப்புத் துளை) கேட்காமல், பக்கத்து வீட்டுக்குப் போகும் இழையை வெட்டி நடுவில் ஒரு இரண்டு வழி ஸ்ப்ளிட்டரைச் செருகுவார். அன்றைக்கு ஓஎன்டியில் பச்சை விளக்கு எரியும், பணம் வாங்கிக்கொண்டு போய்விடுவார். ஆனால் இரண்டு வீட்டுக்கும் 3.5 டெசிபல் போயிற்று. −20 இருந்த இடத்தில் −23.5. அதன்மேல் ஒரு மழையில் ஜாயின்ட் பெட்டிக்குள் தண்ணீர் இறங்கினாலோ, ஆடிக் காற்றில் கேபிள் ஆடிக் கனெக்டர் நெகிழ்ந்தாலோ −27-ஐத் தாண்டும், சிக்னல் இல்லை என்று காட்டும் லாஸ் விளக்கு சிவப்பாக எரியும். நீங்கள் யாரிடம் புகார் சொல்வீர்கள்? கம்பெனிக் கணக்கில் அப்படியொரு ஸ்ப்ளிட்டரே இருக்காது. சில இடங்களில் அதைவிட மோசம்: ஒருவர் பெயரில் ஒரு இணைப்பு வாங்கி, அதிலிருந்து பத்து வீட்டுக்கு லேன் வயர் இழுத்து மாதாமாதம் வசூல் செய்வார்கள். சுவரில் வந்து முடிகிற நுனியைப் பாருங்கள். பச்சைத் தலை கொண்ட மெல்லிய கேபிள் என்றால் ஃபைபர். கண்ணாடி மாதிரித் தெரியும் பிளாஸ்டிக் தலையில் எட்டு பித்தளை ஊசி வரிசையாக இருந்தால் அது லேன் வயர், யார் எந்தப் பெயரில் விற்றாலும் சரி.

தமிழ்நாட்டுப் பக்கமிருந்து இழுப்பது என்பது அடுத்த பொறி. இன்டர்நெட் உரிமம் எல்லாருக்கும் ஒரே மாதிரி கிடையாது. நாடு முழுவதற்கும் உண்டு, ஒரு டெலிகாம் வட்டத்துக்கு மட்டும் உண்டு, அதைவிடச் சிறிய பகுதிக்கும் உண்டு. தமிழ்நாட்டு வட்டத்துக்கு மட்டும் உரிமம் வாங்கியவர் கேரளத்து வீட்டுக்கு இணைப்பு கொடுக்க முடியாது. அதனால் எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கிற யாரோ ஒருவருடைய முகவரியில் கணக்கைத் திறந்து, கேபிளை எல்லை தாண்டி உங்கள் வீட்டுக்குக் கொண்டுவருவார்கள். கணக்கு உங்கள் பெயரில் இல்லை என்றால் புகார் எண் கிடைக்காது, வாடிக்கையாளர் என்ற உரிமை கிடைக்காது. உங்கள் ஆதாரைக் கொடுத்துப் பொய் முகவரியில் எடுத்தால் அந்தப் பொய்க்கு நீங்கள் கையெழுத்துப் போட்டவர் ஆகிறீர்கள். மகளின் ஆபீஸ் வேலை அந்த இணைப்பில் ஓட வேண்டும் என்பதை நினைத்துப் பாருங்கள்.

சரி, மூன்று வருடமாக ஏன் வரவில்லை? ஜங்ஷனில் இருந்து உங்கள் தோப்பு வேலி வரை ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர், இருபதுக்கு மேல் கம்பம். கேஎஸ்இபி (கேரள மின்வாரியம்) கம்பத்தில் கேபிள் கட்ட அனுமதி வேண்டும், கம்பத்துக்கு வாடகையும் உண்டு. மாதம் 500 ரூபாய் சுற்றிய ஒரு திட்டத்தில் தனக்கு வரும் பங்கை நம்பி, ஒரே ஒரு வீட்டுக்காக இத்தனை கம்பம் ஏற லோக்கல் ஆபரேட்டர் வரமாட்டார். அவரைக் குறை சொல்வதில் நியாயமில்லை. குறை சொல்ல வேண்டியது அரசு திட்டம் போட்ட விதத்தை. 2011 அக்டோபரில் மத்திய அரசின் ஒப்புதல் பெற்று, பின்னால் பாரத்நெட் என்று பெயர் மாறிய திட்டத்தின் முதல் இலக்கே கிராமப் பஞ்சாயத்து வரை இழை கொண்டுபோவதுதான். 2023 ஜூன் 5 அன்று கேரள அரசு தொடங்கிவைத்த கே-ஃபோனும் அரசு அலுவலகங்களையும் 20 லட்சம் ஏழைக் குடும்பங்களையும் கணக்கில் வைத்தது. நல்ல நோக்கம். ஆனால் பஞ்சாயத்து ஆபீஸ் சுவரில் ஒரு பெட்டி மாட்டியதும் அந்தக் கிராமமே இணைந்துவிட்டதாக எழுதிவிடுகிறார்கள். அந்தச் சுவருக்கும் தோட்டத்து வீட்டுக்கும் நடுவில் கிடக்கும் ஒரு கிலோமீட்டருக்கு ஒருவரும் பொறுப்பில்லை. அந்த ஓட்டையில்தான் ஏஜென்ட்கள் பிழைக்கிறார்கள். (கே-ஃபோன் இலவச இணைப்பு வாங்கித் தருகிறேன் என்று யாராவது காசு கேட்டால் வாசலோடு அனுப்பிவிடுங்கள்.)

நீங்கள் செய்ய வேண்டியது ஆள் சேர்ப்பது. கம்பத்தில் தொங்கும் சின்ன பாக்ஸில் பொதுவாக எட்டு போர்ட். உங்கள் வீட்டுக்கு வரும் மின் லைன் ஓரத்திலேயே இருக்கிற ஐந்தாறு வீட்டுக்காரர்கள் சேர்ந்தால் ஆபரேட்டருக்குக் கணக்கு கட்டிவரும். ஒரே மனுவாக எழுதுங்கள்: ஒவ்வொரு வீட்டுக்கும் பெயர், போன் எண், மின் கட்டண ரசீதில் இருக்கும் நுகர்வோர் எண், வீட்டுக்குப் பக்கத்துக் கம்பத்தில் பெயின்ட்டில் எழுதிய எண். கம்ப எண் இல்லாத மனுவைச் சர்வே ஆள் கையில் கொடுத்துப் பயனில்லை. ஒரே கம்பெனியோடு நிற்காமல், உங்கள் ஜங்ஷனில் இழை வைத்திருக்கும் எல்லாருக்கும் கொடுங்கள். "போர்ட் ஃபுல்" என்று பதில் வந்தால் எந்த பாக்ஸில் ஃபுல் என்று எழுத்தில் கேளுங்கள். கம்ப அனுமதி வாங்குவது உரிமம் வைத்திருப்பவர் வேலை. அதற்கென்று உங்களிடம் யாரும் பணம் கேட்கக் கூடாது.

பணம் கொடுக்காதீர்கள் என்றேன். அதற்கு ஒரே விதிவிலக்கு உங்கள் 350 மீட்டர். சொந்தத் தோப்புக்குள் வழி போட்டுக் கொடுப்பது உங்கள் செலவாகவே இருக்கட்டும். அதைச் சரியாகச் செய்தால் பதினைந்து இருபது வருடம் கைவைக்க வேண்டியதில்லை, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். மண்வெட்டி எடுக்கும் முன்னால், வேலியோரப் பெட்டியில் உங்கள் கேபிளோடு இணைத்துத் தர ஆபரேட்டர் சம்மதித்து எழுதிக் கொடுத்தாக வேண்டும். அது கையில் இல்லாமல் ஒரு அடி கூடத் தோண்டாதீர்கள்.

கேபிளைத் தென்னை மரத்தில் கட்டி இழுக்கலாம் என்று சொல்வார்கள். வேண்டாம். பாலக்காட்டுக் கணவாய்க் காற்றில் மரம் ஒரு பக்கம், கேபிள் ஒரு பக்கம் ஆடும். காய்ந்த மட்டை ஒன்று விழுந்தால் அறுந்தது. அறாமல் தப்பினால் அணில் கடிக்கும். மண்ணுக்குள் கொண்டுபோங்கள். 32 மில்லிமீட்டர் எச்டிபிஇ பைப், 60 சென்டிமீட்டர் ஆழம். மரத்தைச் சுற்றி இரண்டு மீட்டர் வரை உரப்பாத்தி தோண்டுவார்கள், அதற்குள் பைப் போகக் கூடாது. 7.5 மீட்டர் இடைவெளியில் நட்ட தோப்பானால் இரண்டு வரிசைக்குச் சரி நடுவில் போட்டால் இரு பக்கமும் மூன்றே முக்கால் மீட்டர் கிடைக்கும். மோட்டார் லைன் போகும் குழியில் போடாதீர்கள். திருப்பத்தில் எல்போ வைக்காதீர்கள், பைப்பையே அகலமாக வளைத்துக் கொண்டுபோங்கள். நூறு மீட்டருக்கு ஒரு சின்னத் தொட்டி கட்டி, உள்ளே நைலான் கயிறு விட்டுவையுங்கள். இரண்டு முனையையும் எலியும் தண்ணீரும் புகாமல் அடைக்க வேண்டும்.

கேபிள் நாலு கோர் (உள்ளே நாலு இழை) வாங்குங்கள். ஒன்று ஓடும், மூன்று கையிருப்பு. உள்ளே எஃகுக் கம்பி இல்லாத, எஃப்ஆர்பி (கண்ணாடி நார் கலந்த பிளாஸ்டிக்) குச்சி வைத்த ரகமாகக் கேளுங்கள். கண்ணாடி இழை மின்சாரத்தைக் கடத்தாது, ஆனால் அதோடு ஓடும் எஃகுக் கம்பி ஐப்பசி இடியை வீட்டுக்குள் கொண்டுவந்துவிடும். இரண்டு முனையிலும் பத்துப் பத்து மீட்டர் சுருள் விட்டால் 370 மீட்டர் ஆகிறது, 400 போதும். நடுவில் ஜாயின்ட் இல்லாத ஒரே துண்டாக இருக்க வேண்டும். நீளத்தில் ஏமாறாமல் இருக்க ஒரு வழி உண்டு: கேபிளின் மேல் தோலில் ஒவ்வொரு மீட்டருக்கும் ஒரு எண் அச்சிட்டிருக்கும். ஒரு நுனியில் 1212, மறு நுனியில் 1612 என்றால் 400 மீட்டர். 600-க்கு பில் போட்டுக்கொண்டு வந்தால் அந்த இரண்டு எண்ணையும் காட்டுங்கள்.

இணைப்பு கொடுக்கும் நாளில், ஓஎன்டியில் செருகும் முன், ஒளியை அளக்கும் பவர் மீட்டரை வைத்து 1490 நானோமீட்டரில் (வீட்டுக்கு வரும் ஒளியின் அலைநீளம்) அளக்கச் சொல்லி, அந்த எண்ணை போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். −15-க்கும் −24-க்கும் நடுவில் இருந்தால் கையெழுத்துப் போடலாம். −26 என்று காட்டிவிட்டு "ஓடும் அக்கா" என்றால் போடாதீர்கள், எந்த ஜாயின்ட்டில் போகிறது என்று தேடச் சொல்லுங்கள். பச்சைத் தலையை நீலத் தலையோடு செருகியிருக்கிறார்களா என்றும் பாருங்கள். பச்சையின் முனை எட்டு டிகிரி சாய்வாகச் சீவியது, நீலம் நேர். இரண்டும் பொருந்தி உட்காராது, நடுவில் இடைவெளி விழுந்து ஒளி போகும். கேபிள் சுவருக்குள் நுழையும் முன் கீழே ஒரு தொங்கல் விட்டு மேலே ஏறி நுழைய வேண்டும், இல்லாவிட்டால் மழைத் தண்ணீர் அதையே பிடித்துக்கொண்டு உள்ளே வரும். மிச்சக் கேபிளைச் சுருட்டினால் சுருள் உள்ளங்கை அகலத்துக்குக் குறையக் கூடாது. வேகத்தை வைஃபையில் பார்க்காமல் லேன் வயர் போட்டு லேப்டாப்பில் பாருங்கள். கரண்டு போகும் நேரத்துக்கு 12 வோல்ட் மினி யுபிஎஸ் ஒன்று வாங்கி வையுங்கள், ஓஎன்டி அடாப்டரில் எழுதியிருக்கும் ஆம்பியருக்குக் குறையாமல். எக்ஸ்சேஞ்ச் பக்கம் பேட்டரி தீர்ந்தால் அதுவும் உதவாது, அது உங்கள் கையில் இல்லை.

இதெல்லாம் நடக்கும் வரை மகளுக்கு ஏர்ஃபைபர் வாங்கலாமா என்றும் யோசிப்பீர்கள். பெயரில் ஃபைபர் இருந்தாலும் அது மொட்டை மாடிப் பெட்டியில் டவர் சிக்னல் பிடிப்பதுதான். வீட்டில் 5ஜி நன்றாகக் கிடைத்தால் தற்காலிகமாக வைத்துக்கொள்ளலாம், வருடக் கட்டணம் மட்டும் கட்டிவிடாதீர்கள்.

கணக்கு உங்கள் பெயரில், உங்கள் முகவரியில், உங்கள் போன் எண்ணில் இருக்கட்டும். டெபாசிட்டைக் கம்பெனி ஆப்பிலோ கம்பெனிக் கணக்கிலோ மட்டும் கட்டுங்கள், ஆளின் யுபிஐ எண்ணுக்குப் போடாதீர்கள். பழுது வந்தால் லைன்மேனுக்கு வாட்ஸ்அப் அனுப்பிவிட்டுக் காத்திருக்க வேண்டாம். கம்பெனியின் கட்டணமில்லா எண்ணில் புகார் சொல்லி டாக்கெட் எண் (புகாரைப் பதிந்த எண்) வாங்குங்கள். சரியாகாவிட்டால் 30 நாளுக்குள் அதே கம்பெனியின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு எழுதலாம், டாக்கெட் எண் இல்லாமல் அங்கே போக முடியாது. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய்க்கு எழுதுங்கள் என்று சிலர் சொல்வார்கள். டிராய் தனிநபர் புகாரை விசாரிப்பதில்லை. நுகர்வோர் ஆணையத்துக்கு நேராகவே போகலாம் என்பதை 2022 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்திருக்கிறது. 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்கு அங்கே கட்டணம் கிடையாது. அந்த மனுவோடு வைக்க வேண்டியவை டாக்கெட் எண்கள், பணம் கட்டிய ரசீது, முதல் நாள் எடுத்த பவர் மீட்டர் போட்டோ.