ஜாவொர்ஸ்கியைப் பற்றிக் கேளுங்கள்

பிலிப்பைன்ஸ் கூடைப்பந்து பார்க்க ஆரம்பித்த நண்பர்கள் சிலர் ராபர்ட் ஜாவொர்ஸ்கியைப் பற்றித் தொடர்ந்து கேட்கிறார்கள். அங்கே அவரை ‘பிக் ஜே’ என்பார்கள். வந்த கேள்விகளுக்கு இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன்.

கே: பிலிப்பைன்ஸ்காரருக்கு எப்படி இப்படி ஒரு பெயர்?

ப: அப்பா போலந்து வம்சாவளி அமெரிக்கர், அம்மா பிலிப்பைன்ஸின் இலோக்கானோ இனத்தவர். 1946இல் பாகியோவில் பிறந்தார். மணிலாவில் யுனிவர்சிட்டி ஆஃப் தி ஈஸ்ட் அணியில் ஆடியபோது அவருடைய கோச், பேபி டாலுபான். இந்தப் பெயரை நினைவில் வையுங்கள், பின்னால் வருவார்.

கே: நடுவரை அடித்து ஆயுள் தடை வாங்கியவர் என்கிறார்களே, உண்மையா அண்ணா?

ப: உண்மைதான் தம்பி. 1971இல் மெரால்கோ அணிக்காக ஆடும்போது, கிறிஸ்பாவுக்கு எதிரான ஆட்டத்தில் அவரும் சக ஆட்டக்காரர் ஆல்பர்ட்டோ ரெய்னோசோவும் நடுவர்களை அடித்தார்கள். இருவருக்கும் ஆயுள் தடை. ஆனால் 1973இல் ஆசியக் கூடைப்பந்துப் போட்டி மணிலாவில் நடந்தபோது தடை விலக்கப்பட்டது. சொந்த ஊரில் தங்கம் வேண்டும், ஆள் வேண்டும், அவ்வளவுதான் காரணம் என்பது என் கணிப்பு. தங்கமும் கிடைத்தது.

கே: ஆட்டக்காரராக எவ்வளவு பெரியவர்?

ப: 1975இல் பி.பி.ஏ. (பிலிப்பைன் பாஸ்கெட்பால் அசோசியேஷன்) தொடங்கியது, ஆசியாவின் முதல் தொழில்முறை கூடைப்பந்து லீக் அது. இவர் டொயோட்டா அணியின் கார்டு, அதாவது பெரும்பாலும் வெளியே நின்று பந்தை நகர்த்தி ஆட்டத்தை நடத்துபவர். 1978இல் லீக்கின் சிறந்த ஆட்டக்காரர் விருது. கார்டுதான் என்றாலும் உடம்பால் முட்டி உள்ளே புகுந்து ரிபவுண்டும் (கூடைக்குள் விழாமல் திரும்பும் பந்து) எடுப்பார், பாஸும் கொடுப்பார். டொயோட்டாவுக்கும் கிறிஸ்பாவுக்கும் இருந்த பகை சாதாரணமானதல்ல. 1977இல் ஆட்டம் முடிந்து நடந்த கைகலப்புக்காக இரண்டு அணி ஆட்டக்காரர்களையும் போனிஃபாசியோ கோட்டை ராணுவ முகாமில் பிடித்து வைத்தார்கள். ராணுவச் சட்டம் அமலில் இருந்த காலம். அந்தக் கிறிஸ்பாவின் கோச் யார் தெரியுமா? அதே டாலுபான்.

கே: கோச் ஆனது எப்படி?

ப: 1984இல் டொயோட்டா அணி கலைந்தது. ஆட்டக்காரர்களை மொத்தமாகப் புது முதலாளிக்கு மாற்றப் பார்த்தபோது, ஜாவொர்ஸ்கியும் ஃபிரான்சிஸ் அர்னெய்ஸும் மறுத்துவிட்டு ஜின் கம்பெனி அணிக்குப் போனார்கள். அதுதான் பிற்பாடு கினெப்ரா. 1985இல் அவரே கோச், ஆட்டக்காரராகவும் தொடர்ந்தார்.

அந்த வருடம் அக்டோபரில் நடந்த ஒரு ஆட்டத்தை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். ரான் ஜேக்கப்ஸ் பயிற்றுவித்த தேசிய அணி லீக்கில் விருந்தாளியாக ஆடிக்கொண்டிருந்தது. அதிலிருந்த ஜெஃப் மூரின் முழங்கை இவர் வாயில் பட்டு உதடு கிழிந்தது. ஆஸ்பத்திரியில் ஒன்பது தையல். மனுஷன் வீட்டுக்குப் போகவில்லை, நேராக அரங்கத்துக்கே வந்தார், கடைசி நிமிடங்களில் உள்ளே இறங்கினார். அதுவரை பின்தங்கியிருந்த கினெப்ரா ஜெயித்தது. ‘நெவர் சே டை’ என்று கினெப்ரா ரசிகர்கள் இன்றும் கத்துவதற்கு வேர் அந்த இரவுதான்.

கே: சார், கோச்சாக அவர் பெரிய வியூகக்காரர் இல்லை என்று படித்தேன்.

ப: ஒத்துக்கொள்கிறேன். பலகையில் கோடு போட்டு ஜெயித்தவர் அல்ல. 1986, 1988, 1991, 1997 என்று நான்கு கோப்பைகள். அத்தனை வருடத்துக்கு அது அதிகமில்லை. ஆனால் பெஞ்சில் கிடந்த ஆளை இழுத்து உள்ளே விட்டு, ‘ஓடு, முட்டு’ என்று ஆட வைக்க அவரைப்போல் இன்னொருவர் இல்லை. தானும் கூடவே ஓடியதால் அந்தப் பேச்சு எடுபட்டது.

மறுபக்கமும் உண்டு. பைனல் என்பது ஏழு ஆட்டத் தொடர். 1990 பைனலில் ஷெல் அணிக்கு எதிரான ஆறாவது ஆட்டத்தில் நடுவர் தீர்ப்புகள் பிடிக்காமல் அணியோடு வெளியேறினார். கோப்பை ஷெல்லுக்குப் போனது. ரசிகனாக எனக்கே அது பிடிக்கவில்லை. அடுத்த வருடம் அதே ஷெல், அதே பைனல். 1-3 என்று பின்தங்கியிருந்து மூன்று ஆட்டங்களை வரிசையாக ஜெயித்தார்கள். ஏழாவது ஆட்டம் 104-102. கடைசி நொடியில் பந்தைப் போட்டது ரூடி டிஸ்ட்ரிட்டோ.

கே: ரமோன் ஃபெர்னாண்டஸோடு பேச்சே கிடையாதாமே?

ப: ஃபெர்னாண்டஸ் டொயோட்டாவில் இவரோடு ஆடியவர். அணி கலைந்த பிறகு இருவருக்கும் ஆகவில்லை. 1989இல் லீக்கின் நட்சத்திரங்கள் மோதும் முதல் ஆல்-ஸ்டார் ஆட்டம். மூத்தவர்கள் அணியில் இருவருமே. கடைசியில் ஜாவொர்ஸ்கி உள்ளே வீசிய பந்தைப் பிடித்து ஃபெர்னாண்டஸ் ஜெயிக்கும் கூடையைப் போட்டார். முடிந்ததும் இருவரையும் கைகுலுக்க வைத்தவர், கோச் டாலுபான். அடுத்த வருடம் பெய்ஜிங் ஆசிய விளையாட்டுக்கு முதன்முறையாக முழுத் தொழில்முறை அணி போனது. கோச் ஜாவொர்ஸ்கி, அணியில் ஃபெர்னாண்டஸ். பைனலில் சீனாவிடம் தோற்று வெள்ளி.

கே: அரசியலுக்கு ஏன் போனார்?

ப: அவ்வளவு பெயர் இருக்கும்போது கட்சிகள் விடுமா? 1998இல் செனட்டர் ஆனார், 2004 வரை. அதோடு கோச் வேலை முடிந்தது. அப்புறம் 2012இல் கினெப்ரா அவருடைய 7ஆம் எண் ஜெர்சிக்கு ஓய்வு கொடுத்தது, அதாவது அந்த எண்ணை இனி வேறு ஆட்டக்காரருக்குக் கொடுப்பதில்லை என்று மரியாதை செய்தது.