பாய் கடைக் கறி என்றாலே போதுமா?

கேள்வி: திருச்சியில் 24 அறைகள் உள்ள லாட்ஜும், கீழ்த்தளத்தில் உணவகமும் நடத்துகிறேன். கோழி, ஆட்டுக்கறி எல்லாம் பதினைந்து வருடமாகப் பாய் கடையில்தான் வாங்குகிறோம். மலேசியாவிலிருந்து நாற்பது நாற்பது பேராகக் குழு அனுப்பத் தயாராக இருக்கும் டிராவல்ஸ்காரர், "ஹலால் சர்டிபிகேட் இருக்கா?" என்று கேட்கிறார். எங்களிடம் சைனீஸ் கவுண்டர் உண்டு. கேக்கை வெளியே வாங்குகிறோம். ஞாயிறு மட்டும், பழைய வாடிக்கையாளர்கள் சிலருக்காகப் பன்றிக்கறி வறுவல் போடுகிறோம். சர்டிபிகேட் வாங்கினால் போதுமா, வேறு என்ன செய்ய வேண்டும்?
– பெயர் வேண்டாம், திருச்சி.

பதில்: முதலில் அந்த ஞாயிற்றுக்கிழமை வறுவலை முடித்துவிடுவோம். நிறுத்திவிடுங்கள். தனிச் சட்டி, தனிக் கரண்டி என்று சமாளிப்பது ஒரே அடுப்படியில் நடக்கிற காரியம் இல்லை. கைப்பிடித் துணியும் எண்ணெயும் ஃப்ரீசர் தட்டும் பொதுவாகத்தானே இருக்கும்? மலேசிய முஸ்லிம்களில் பெரும்பாலானோர் ஷாஃபி மத்ஹபை, அதாவது ஷாஃபி மார்க்கச் சட்ட மரபைப் பின்பற்றுபவர்கள். அதன்படி பன்றி பட்ட பாத்திரத்தை ஏழு தடவை கழுவ வேண்டும். அதில் ஒரு தடவை மண் கரைத்த தண்ணீரால். எவர்சில்வர், இரும்புச் சட்டிகளை இப்படிச் சுத்தம் செய்து வைத்துக்கொள்ளலாம். கறி வெட்டும் மரக்கட்டை, கீறல் விழுந்த பிளாஸ்டிக் போர்டு, எண்ணெய் தடவும் பிரஷ் இவற்றைத் தூக்கிப் போடுங்கள். பழைய பொரிப்பு எண்ணெயும் வேண்டாம். பக்கத்துப் பள்ளிவாசல் ஹஜ்ரத்தை (தொழுகை நடத்தும் மார்க்க அறிஞர்) கூப்பிட்டு அவர் முன்னிலையில் கழுவி, தேதி போட்டு எழுதி வையுங்கள். பிறகு ஒரே ஒரு நாள் அந்தக் கறி உள்ளே வந்தாலும் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

அடுத்து, பாய் கடை. கடை யாருடையது என்பதை விட, அறுத்தது யார், எங்கே என்பதுதான் கேள்வி. கூட்டம் அதிகமாகும் நாட்களில் வேறிடத்தில் அறுத்து உரித்த கோழி மொத்தமாக வந்து இறங்குவது உண்டு. அந்தக் கோழியைப் பற்றி உங்கள் பாய்க்கே தெரியாமல் இருக்கலாம். ஒரு சனிக்கிழமை விடியற்காலை கடையில் அரை மணி நேரம் நின்று பாருங்கள். அறுப்பவர் முஸ்லிமாக இருக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் பிஸ்மி, அதாவது இறைவன் பெயர் சொல்ல வேண்டும். கத்தி மழுங்கியிருக்கக் கூடாது. மூச்சுக்குழல், உணவுக்குழல், கழுத்தின் இரண்டு பக்க ரத்தக்குழாய்கள் நான்கும் ஒரே வீச்சில் அறுபட வேண்டும். பெரும்பாலும் சறுக்குவது அதற்குப் பிறகுதான்: டிரம்மில் போட்ட கோழி துடித்துக்கொண்டிருக்கும்போதே, அவசரத்தில் இறகு பிடுங்கச் சுடுதண்ணீரில் முக்கிவிடுவார்கள். துடிப்பு அடங்கி ரத்தம் வடிய மூன்று நிமிடமாவது விடச் சொல்லுங்கள். ஆட்டுக்கறியில் மாநகராட்சி முத்திரை இருந்தால், அது ஆடு நோயற்றது என்பதற்கான முத்திரை. ஹலாலைத் தனியாகக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

இதெல்லாம் சரியாக இருந்தும் ஹலால் கைவிட்டுப் போவது சனிக்கிழமை ராத்திரி ஒன்பது மணிக்கு. சிக்கன் தீர்ந்துவிடும். மாஸ்டர் கத்துவார். பையன் பைக்கை எடுத்துக்கொண்டு திறந்திருக்கிற கடைக்குப் போய் எட்டு கிலோ வாங்கி வருவான். கைக்காசு, பில் கிடையாது. திங்கள்கிழமை யாருக்கும் ஞாபகம் இருக்காது.

இதைப் பிடிக்க ஒரே வழி எடைக் கணக்கு. வாரம் ஒருமுறை போடுங்கள். தொடக்க இருப்பு 6 கிலோ, பில்படி வாங்கியது 80, வாரக் கடைசி இருப்பு 4 என்றால் செலவு 82 கிலோ. இனி விற்பனையிலிருந்து பாருங்கள். பிரியாணி 220 பிளேட், தலைக்கு 200 கிராம் என்றால் 44 கிலோ. சிக்கன் 65 ஆக 150 பிளேட், 180 கிராம் வீதம் 27 கிலோ. குழம்பு 130 பிளேட், 150 கிராம் வீதம் 19.5. மொத்தம் 90.5 கிலோ. பில் கணக்கில் செலவானதை விட எட்டரை கிலோ அதிகமாக விற்றிருக்கிறீர்கள்! அந்த எட்டரை கிலோ எங்கிருந்து வந்தது என்பதுதான் உங்கள் ஹலால் கேள்வியே. கணக்குப் போடும்போது ஒரு பொறி உண்டு. சில கடைகள் உயிர் எடைக்கு பில் போடும். 2 கிலோ கோழி, தோல் உரித்துச் சுத்தம் செய்தபின் 1.3 முதல் 1.4 கிலோதான் தேறும். உயிர் எடை பில்லை 0.65 முதல் 0.7 வரை பெருக்கிக்கொள்ளாவிட்டால் திருட்டே இல்லாத இடத்தில் திருட்டும், திருட்டு நடந்த இடத்தில் சுத்தமும் தெரியும்.

வழி சொல்கிறோம். பாய் கடைக் கோழியிலேயே பத்து கிலோ எப்போதும் மைனஸ் 18 டிகிரியில் இருக்கட்டும். பையில் தேதியும் பில் எண்ணும் ஒட்டியிருக்க வேண்டும். இரண்டாவதாக ஒரு கடையை முன்கூட்டியே இதே மாதிரி நின்று பார்த்து வையுங்கள். இரண்டும் இல்லாத ராத்திரியில் 'தீர்ந்துவிட்டது' என்று சொல்லிவிடுவதே மேல். பில் இல்லாத கறியை ஸ்டோர்காரர் வாங்கவே கூடாது, மாஸ்டர் எவ்வளவு கத்தினாலும். பிறகு ஒரு பரீட்சை வையுங்கள்: போன வியாழன் ராத்திரி பரிமாறிய பிரியாணிக்கான கறி பில்லைப் பத்து நிமிடத்தில் எடுத்துக் காட்ட முடிகிறதா?

சைனீஸ் கவுண்டரில் ரைஸ் வைன் பாட்டில் இருந்தால் இன்றே வெளியேற்றுங்கள். சோயா சாஸைப் புளிக்க வைத்துத் தயாரிக்கும்போது இயற்கையாகவே சிறிது ஆல்கஹால் உண்டாகும். அதைப் பற்றி ஆலிம்களிடையே (மார்க்க அறிஞர்கள்) கருத்து வேறுபாடு உண்டு என்பதால் ஹலால் முத்திரை உள்ள பிராண்டை வாங்கினால் வம்பில்லை. மற்றப் பொட்டலங்களுக்கு நம் நாட்டில் ஒரு வசதி இருக்கிறது: சைவப் பொருள் என்பதைக் காட்டும் பச்சைப் புள்ளி. ஜெலட்டின், பூச்சியிலிருந்து எடுக்கும் சிவப்பு நிறமான ஐ.என்.எஸ். 120 (லேபிளில் போடும் உணவுச் சேர்ப்பு எண்), விலங்குக் கொழுப்பிலிருந்து வந்த ஐ.என்.எஸ். 471 என்ற கலப்பான் ஆகியவற்றுக்குப் பச்சைப் புள்ளி கிடைக்காது. ஆனால் அந்தப் புள்ளி ஆல்கஹாலைப் பற்றி எதுவும் சொல்லாது. எசென்ஸ் பாட்டில் லேபிளைப் படித்தே ஆக வேண்டும். கேக் கடைக்காரரிடம் மூன்று கேள்வி போதும்: மூஸிலும் ஜெல்லியிலும் என்ன ஜெலட்டின், பிளம் கேக்குக்குப் பழம் ரம்மில் ஊறுகிறதா, முட்டை தடவும் பிரஷ் பன்றி முடியா நைலானா. பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

கடல் உணவில் ஒரு சின்ன விஷயம். மலேசியக் குழுவுக்கு இறால், நண்டு எல்லாம் போடலாம். ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கத்து விருந்தினர் ஹனஃபி மத்ஹபினராக இருந்தால் நண்டைத் தொடமாட்டார்கள். அவர்களுக்கு மீன் போடுங்கள்.

இப்போது சர்டிபிகேட். உள்நாட்டு உணவகம் ஹலால் சான்றிதழ் வைத்திருந்தே ஆக வேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லை. 2023-ல் மத்திய அரசு வெளியிட்ட ஹலால் சான்று விதிமுறை ஏற்றுமதி இறைச்சிக்கானது. சான்றிதழ் தருபவை தனியார் அமைப்புகள். பணம் கட்டுமுன் டிராவல்ஸ்காரரிடம் அவர்கள் எந்த அமைப்பை ஏற்கிறார்கள் என்று பெயரோடு கேளுங்கள். மலேசிய அரசின் இஸ்லாமிய விவகாரத் துறையான ஜாக்கிம், தான் அங்கீகரிக்கும் வெளிநாட்டு அமைப்புகளின் பட்டியலை வெளியிடுகிறது. அதில் இல்லாத அமைப்பின் தாளை அவர்கள் மதிக்காமல் போகலாம். சான்றிதழ் கையில் வரும்வரை பெயர்ப் பலகையில் முத்திரை போடாதீர்கள். தவறான விளம்பரத்துக்கு உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிலைகள் சட்டத்தின் 53-வது பிரிவில் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. அதுவரை டிராவல்ஸ்காரருக்கு உள்ளதை உள்ளபடி எழுதி அனுப்புங்கள்: கறி எந்தக் கடை, அறுப்பு எப்படி, பன்றியும் மதுவும் வளாகத்தில் இல்லை. கூடவே நான்கு வார எடைக் கணக்கையும் இணையுங்கள்.

அறைகளில் தொழுகைத் திசையைக் காட்டும் கிப்லா அம்புக்குறி ஒட்டுவதாக இருந்தால் நேர் மேற்கில் ஒட்டிவிடாதீர்கள். திருச்சியிலிருந்து மக்காவின் திசை மேற்கிலிருந்து வடக்கு நோக்கிச் சுமார் 21 பாகை, அதாவது காம்பஸில் 291. இரும்பு பீரோவுக்குப் பக்கத்தில் காம்பஸை வைத்து அளக்காதீர்கள், முள் விலகிவிடும்.