கத்தி விளிம்பு வைத்த போர் விசிறி அசலா?

கேள்வி: நண்பர் ஜப்பான் போகிறார். அவரிடம் சொல்லி ஒரு சாமுராய் போர் விசிறி வாங்க ஆசை. இணையத்தில் ஒன்று விளிம்பெல்லாம் கத்தி போலத் தீட்டியிருக்கிறது. இன்னொன்று ‘200 ஆண்டுப் பழையது’ என்கிறார்கள். எதை நம்புவது?

பதில்: கத்தி விளிம்பு வைத்ததை முதலில் தள்ளுங்கள். அது சினிமாவும் வீடியோ கேமும் பெற்ற பிள்ளை. ‘தெஸ்ஸென்’ என்கிற இரும்பு விசிறி வெட்டுவதற்கானது அல்ல, அடிக்க, தடுக்க. வாளைக் கழற்றிவைத்துவிட்டுப் போகவேண்டிய இடத்துக்கும் இதைக் கொண்டுபோகலாம் என்பதுதான் அதன் சாமர்த்தியம். சிலது விரியவே விரியாது. மடித்த விசிறி போலத் தோன்றும் வெறும் இரும்புக் கட்டை. விரியவில்லை என்பதற்காக ‘போலி’ என்று திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள்!

‘குன்பாய்’ வேறு. அது மடங்காத விசிறி, தளபதி படைக்குச் சைகை காட்டுவது. 1561-இல் கவானகாஜிமா போரில் எதிரிப் படைத் தலைவர் உவெசுகி கென்ஷினின் வாள்வீச்சைத் தளபதி தகேதா ஷிங்கென் இதைக் கொண்டே தடுத்தார் என்று கதை உண்டு. வரலாறா என்றால் சந்தேகம்தான், ஆனால் அந்தக் காட்சிக்கு அங்கே சிலையே வைத்திருக்கிறார்கள். இன்றைக்கு சுமோ நடுவர் கையில் இருப்பதும் குன்பாய்தான். சுவரில் மாட்ட என்றால் என் ஓட்டு இதற்கே.

பழையது என்று சொல்பவரிடம் தாளைப் பற்றிக் கேளுங்கள். மடிக்கும் விசிறியில் முதலில் நைவது மடிப்புத் தாள்தான். இரும்பு துருவேறி, தாள் மட்டும் பளபளவென்று இருந்தால் பிற்பாடு மாற்றியிருப்பார்கள். மாற்றியது தப்பில்லை, மறைப்பதுதான் தப்பு. காந்தம் ஒன்றையும் நண்பரிடம் கொடுத்தனுப்புங்கள். அலுமினியத்துக்கு இரும்பு விலை கேட்பவர்களும் உண்டு. ஜப்பானில் பழம்பொருள் கடைக்கு உரிமம் கட்டாயம், அந்த உரிமப் பலகை கடையில் தெரியும்படி மாட்டியிருக்க வேண்டும். பில்லில் காலத்தையும் உலோகத்தையும் எழுதி வாங்கச் சொல்லுங்கள். எழுதத் தயங்கினால் அடுத்த கடை. தகராறு என்றால் அங்கே நுகர்வோர் உதவி எண் 188.

வாங்கியதை இடுப்பில் செருகிக்கொண்டு ஊர் சுற்ற வேண்டாம் என்றும் சொல்லிவையுங்கள். தகுந்த காரணமில்லாமல் இரும்புத் தடி போன்றவற்றை மறைத்து எடுத்துச் செல்வது அங்கே குற்றம். விமானத்தில் கைப்பையில் வைத்தால் சோதனையிலேயே பிடுங்கிவிடுவார்கள். செக்-இன் பெட்டியில் பில்லோடு போகட்டும்.